ரெஃப்யூஜி டேட்டா ஃபைண்டர்: அடிக்குறிப்பைப் படிப்பவருக்கு மட்டும்

நைரோபி, அக்ரா, டக்கார், அடிஸ் அபாபா என எந்த ஊரில் வேலை கிடைத்தாலும் சரி, புலம்பெயர்வுக் கொள்கை ஆய்வில் புதிதாகச் சேரும் ஆப்பிரிக்க ஆய்வாளருக்கு முதல் சில வாரங்களுக்குள் ஒரு உத்தரவு வந்துவிடும்: பத்து ஆண்டுக் கணக்கை எடுத்து இரண்டு பக்கக் கொள்கைக் குறிப்பு எழுது. அதற்காக எல்லோரும் முதலில் போய் நிற்கும் இடம், ஐ.நா.வின் அகதிகள் முகமையான யு.என்.எச்.சி.ஆர். நடத்தும் ரெஃப்யூஜி டேட்டா ஃபைண்டர். கட்டணம் கிடையாது. கணக்குத் தொடங்க வேண்டாம். 1951 முதலான தரவு இருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் எடுத்தாளலாம். அகதிகள் பற்றிய உலகளாவிய எண்களுக்கு இதற்கு ஈடாக வேறு இலவசச் சேவை இல்லை. ஆனால் திரையில் வரும் வரைபடத்தை அப்படியே அறிக்கையில் ஒட்டினால், ஆப்பிரிக்க நாடுகள் விஷயத்தில் வெகு சீக்கிரம் தவறான முடிவில் போய் நிற்போம்.

இங்கே கிடைப்பது பதிவேட்டுக் கணக்கு என்பதுதான் காரணம். அரசோ முகமையோ யாரைப் பெயர் எழுதி வைத்ததோ அவர்தான் எண்ணில் வருவார். பதிவேட்டைத் திருத்தினால் கோடு சரியும். அதற்கு ஒருவர்கூட எல்லை தாண்டியிருக்க வேண்டியதில்லை. ஐரோப்பியத் தரவுக்கும் இது ஓரளவு பொருந்தும். ஆனால் கூட்டம் கூட்டமாக ஏற்பு வழங்குவதும், பல ஆண்டுகள் கழித்து மொத்தமாகச் சரிபார்ப்பதும் வழக்கமாக உள்ள ஆப்பிரிக்காவில் இதன் விளைவு பல மடங்கு பெரியது.

உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை

அகதிகள், புகலிடம் கோருவோர், முகமையின் அக்கறைக்கு உட்பட்ட உள்நாட்டு இடம்பெயர்ந்தோர், நாடற்றோர், நாடு திரும்பியோர் ஆகிய வகைகள் முதன்மை அட்டவணையில் வருகின்றன. பன்னாட்டுப் பாதுகாப்பு தேவைப்படும் ஏனையோர் என்ற வகை பிற்பாடு சேர்க்கப்பட்டது. பாலஸ்தீன அகதிகளில், அவர்களுக்கென உள்ள ஐ.நா. முகமையான யு.என்.ஆர்.டபிள்யு.ஏ. பொறுப்பில் உள்ளவர்கள் தனி அட்டவணையில் இருக்கிறார்கள். உள்நாட்டு இடப்பெயர்வுக் கண்காணிப்பு மையமான ஐ.டி.எம்.சி. தொகுக்கும் எண்களும் தனியே கிடைக்கின்றன. இவை போகப் புகலிட விண்ணப்பங்கள், அவற்றின் மீதான முடிவுகள், வயது-பாலினப் பகுப்பு, தீர்வுகள் என்று நான்கு அட்டவணைகள் உண்டு. அகதிகளைப் பொறுத்தவரை தீர்வுகள் என்பது நாடு திரும்பல், மூன்றாம் நாட்டில் குடியமர்த்தல், குடியுரிமை பெறல் ஆகிய மூன்றும்.

தொழிலாளர் புலம்பெயர்வு இங்கே இல்லை. ஐவரி கோஸ்டில் அபிஜானின் கோகோ வணிகத்துக்குப் போன புர்கினா ஃபாசோ தொழிலாளியும், வளைகுடாவில் வீட்டு வேலை செய்யும் எத்தியோப்பியப் பெண்ணும் இந்தத் தளத்தில் தென்பட மாட்டார்கள். ஆப்பிரிக்கர்களின் இடப்பெயர்வில் பெரும்பகுதி கண்டத்துக்குள்ளேயே, வேலைக்காகவும் குடும்பத்துக்காகவும் நடக்கிறது. ஆகவே 'ஆப்பிரிக்கப் புலம்பெயர்வு' என்று தலைப்பு வைத்துவிட்டு இந்தத் தரவை மட்டும் பயன்படுத்தும் கட்டுரை, தலைப்பிலேயே தவறிவிடுகிறது. இதழ்களுக்கு வரும் கட்டுரைகளில் இது அரிதான பிழை அல்ல.

பதிவிறக்கும் முறை

தேடல் பக்கத்தில் ஆண்டு, சொந்த நாடு, புகலிடம் தந்த நாடு, மக்கள் வகை ஆகியவற்றைத் தேர்வு செய்ய வேண்டும். முதல் தடுமாற்றம் இங்கேதான். நாட்டுப் பெட்டியை வெறுமையாக விட்டால் எல்லா நாடுகளும் ஒரே வரியாகக் கூட்டப்பட்டு வரும். ஒவ்வொரு நாடும் தனி வரியில் வேண்டுமென்றால் எல்லா நாடுகளையும் காட்டும்படி வெளிப்படையாகத் தேர்வு செய்ய வேண்டும். கென்யாவில் உள்ள அகதிகள் எந்தெந்த நாட்டவர் என்று அறிய, புகலிட நாடாகக் கென்யாவை வைத்து, சொந்த நாடுகள் அனைத்தையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் அனைத்தையும் திறந்துவிட்டுப் பல ஆண்டுகளைக் கேட்டால் வரிகள் ஆயிரக்கணக்கில் வரும். அதில் கெடுதல் இல்லை, ஆனால் விரிதாளில் கையால் வேலை செய்பவர் திணறிப்போவார்.

கோப்பு சுருக்கிய ஜிப்பாக வரும், உள்ளே சி.எஸ்.வி. என்ற உரை வடிவ அட்டவணை இருக்கும். அளவு சிறியதுதான், மெதுவான இணைப்பிலும் சிரமமில்லாமல் இறங்கிவிடும். தளத்தின் படங்களும் அசைவுக் காட்சிகளும்தான் கனமானவை. டேட்டா பேக் வாங்கி வேலை செய்பவர் அவற்றைத் தொடாமல் நேரே பதிவிறக்கப் பக்கத்துக்குப் போவது நல்லது. கோப்பை நிரலில் ஏற்றும் முன் ஒருமுறை சாதாரண உரையாகத் திறந்து, நெடுவரிசைத் தலைப்புகள் எந்த வரியில் தொடங்குகின்றன என்று பாருங்கள். மேலே விளக்க வரிகள் இருந்தால் அவற்றைத் தாண்டும்படி சொல்ல வேண்டியிருக்கும். பழைய ஆண்டுகளில் சேகரிக்கப்படாத வகைக்கு எண்ணுக்குப் பதில் இடைக்கோடு நிற்கக்கூடும். அப்படி ஒன்று இருந்தாலே முழு நெடுவரிசையையும் மென்பொருள் எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கூட்டல் நடக்காது. அந்தக் கோட்டைச் சுழியமாக மாற்றிவிட வேண்டாம். யாரும் இல்லை என்பதும் யாரும் எண்ணவில்லை என்பதும் வேறு வேறு.

சொந்த நாடு 'தெரியவில்லை' என்றும் 'நாடற்றவர்' என்றும் வரும் வரிகளைத் தேவையற்றவை என்று நீக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நீக்கினால் உங்கள் கூட்டுத்தொகையும் முகமையின் ஆண்டறிக்கையில் உள்ள தொகையும் ஒத்துவராது, ஆசிரியர் குழு கேள்வி கேட்கும். அவற்றை வைத்துக்கொண்டு தனி வரியாகக் காட்டுங்கள். தனியாளை அடையாளம் காண முடியாதபடி சிறிய எண்கள் ஐந்தின் மடங்காக்கப்படுகின்றன. லெசோத்தோ, எஸ்வாத்தினி போன்ற நாடுகளின் வயதுப் பகுப்பில் சதவீதம் போட்டால் அது பெரும்பாலும் மடங்காக்கலின் விளையாட்டாகவே இருக்கும்.

நாட்டுக் குறியீடு என்ற பொறி

இந்தத் தளத்தின் மிக மோசமான குறை இது. யு.என்.எச்.சி.ஆர். தனக்கென்று மூன்றெழுத்து நாட்டுக் குறியீடுகள் வைத்திருக்கிறது; பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் குறியீடுகள் வேறு. இரண்டும் பல நாடுகளுக்கு ஒன்றாகவே இருப்பதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. எகிப்துக்கு முகமையின் குறியீடு 'ஏ-ஆர்-இ'. ஐ.எஸ்.ஓ. முறையில் அதே மூன்று எழுத்து ஐக்கிய அரபு அமீரகத்துக்கு உரியது. 'ஏ-யு-எஸ்' என்பது முகமைக்கு ஆஸ்திரியா, உலகின் மற்ற எல்லோருக்கும் ஆஸ்திரேலியா. மேற்கு ஆப்பிரிக்காவில் வேலை செய்பவருக்கு இன்னொரு தலைவலி: 'என்-ஐ-ஜி' என்பது நைஜீரியா, 'என்-ஜி-ஆர்' என்பது நைஜர். ஐ.எஸ்.ஓ.வில் இவை முறையே 'என்-ஜி-ஏ', 'என்-இ-ஆர்'.

உலக வங்கியின் மக்கள்தொகைத் தரவோடு இதை இணைத்து, ஆயிரம் பேருக்கு எத்தனை அகதிகள் என்று கணக்கிடுவது இத்துறையில் அன்றாட வேலை. தவறான நெடுவரிசையில் இணைத்தால் நிரல் பிழை எதுவும் காட்டாது. சூடான் போருக்குப் பின் எகிப்து ஏற்ற அகதிகள் சத்தமில்லாமல் அமீரகத்தின் கணக்கில் ஏறுவார்கள். பொருந்தாத வரிகள் விடுபட்டுப் போனாலாவது கண்டுபிடிக்கலாம். இது தப்பாகப் பொருந்துவதால்தான் ஆபத்து. கோப்பில் ஐ.எஸ்.ஓ. குறியீட்டுக்கும் தனி நெடுவரிசை உண்டு, இணைப்பதற்கு அதை மட்டும் பயன்படுத்துங்கள். இணைத்த பின் எகிப்து, ஆஸ்திரியா, நைஜர், நைஜீரியா ஆகிய நான்கு வரிகளையும் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

நிரல் எழுதத் தெரிந்தவருக்கு, தரவை நிரலே நேரடியாகக் கேட்டு வாங்கும் ஏ.பி.ஐ. வாயில் இருக்கிறது, திறவுகோல் கேட்காது. ஒரு பக்கத்துக்கு 100 வரிகள் என்பது அதன் இயல்பு அளவு. 'லிமிட்' பாராமீட்டரை உயர்த்தாமலோ 'பேஜ்' பாராமீட்டரை ஓட்டாமலோ விட்டால் முதல் 100 வரிகளோடு வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். பதிலில் மொத்தப் பக்க எண்ணிக்கையும் வரும், அதைப் பார்த்துச் சுற்றுங்கள். அடிக்குறிப்புகளுக்கும் தனி வாயில் இருக்கிறது. 'ஆர்' என்ற புள்ளியியல் நிரல்மொழியில் வேலை செய்பவர்கள் 'ரெஃப்யூஜீஸ்' என்ற தொகுப்பை நிறுவிக்கொண்டால் எல்லா அட்டவணைகளும் சேர்ந்தே வந்துவிடும். ஆண்டு முழுக்க இணையம் நம்பகமாக இல்லாத வளாகங்களில் இதுவே நல்ல வழி. ஒரே எச்சரிக்கை, தொகுப்பின் பதிப்பு எந்த ஆண்டு வரை போகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோடு சரிந்தால் முதலில் யாரைச் சந்தேகிப்பது

உகாண்டாவைப் பாருங்கள். ஆப்பிரிக்காவில் அதிக அகதிகளை ஏற்றுள்ள நாடு அது. 2018-இல் பதிவு எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்த பின், அரசும் முகமையும் சேர்ந்து கைரேகை, கருவிழி கொண்டு எல்லோரையும் மறுபடி சரிபார்த்தன. ஏறத்தாழ 14 லட்சம் என்று இருந்த தொகை, சரிபார்ப்பு முடிந்தபோது ஏறத்தாழ 11 லட்சமாக நின்றது. வரைபடத்தில் இது பெரும் சரிவாகத் தெரியும். அந்த மூன்று லட்சம் பேர் தென் சூடானுக்குத் திரும்பிவிட்டார்கள் என்று எழுதினால் நேர்மாறான கொள்கை முடிவுக்கு ஆதாரம் கொடுத்ததாகிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் அது இன்னும் கொடூரம். நிலுவையில் உள்ள புகலிட விண்ணப்பங்கள் 2015 இறுதிக் கணக்கில் ஏறத்தாழ 11 லட்சம், 2016 இறுதியில் ஏறத்தாழ 2.18 லட்சம். ஓராண்டில் ஒன்பது லட்சம் கோப்புகளை எந்த உள்துறை அமைச்சகமும் தீர்த்துவிடாது. நீண்டகாலமாகச் செயல்படாமல் தேங்கிக் கிடந்தவற்றையும் சேர்த்து எண்ணிய முறை மாறியது, அவ்வளவுதான். ஆனால் 2015-இன் எண்ணை வைத்து 'உலகிலேயே அதிகப் புகலிடக் கோரிக்கைகள் உள்ள நாடு' என்று எழுதப்பட்ட வாக்கியங்கள் இன்றும் மேற்கோளிலிருந்து மேற்கோளுக்குத் தாவிக்கொண்டிருக்கின்றன.

உண்மையான மாற்றத்தையும் பதிவேட்டு மாற்றத்தையும் பிரித்தறிய ஒரு எளிய சோதனை போதும். ஓராண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். தீர்வுகள் அட்டவணையில் அதே நாட்டுக்கு, அதே ஆண்டில் திரும்பியவர், குடியமர்த்தப்பட்டவர், குடியுரிமை பெற்றவர் ஆகிய மூன்றையும் கூட்டுங்கள். சரிவின் பெரும்பகுதியை இந்தக் கூட்டுத்தொகை விளக்கினால் நிம்மதி. தான்சானியா 2014-இல் 1972-ஆம் ஆண்டுக் காலத்துப் புருண்டி அகதிகள் ஏறத்தாழ 1.62 லட்சம் பேருக்குக் குடியுரிமை கொடுத்தது. அங்கே சரிவு குடியுரிமைப் பத்தியில் விடை காண்கிறது. கூட்டுத்தொகை பாதியைக்கூட எட்டாமல் கணக்கு உதைத்தால் சரிபார்ப்பு, முறை மாற்றம், அல்லது தகுதி முடிவுக்கு வந்தது ஆகிய மூன்றில் ஒன்றைத் தேடுங்கள்.

அந்த மூன்றாவதை இளம் ஆய்வாளர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். தாய்நாட்டில் நிலைமை அடிப்படையிலேயே மாறிவிட்டது என்று முகமை கருதினால், அந்த நாட்டவரின் அகதித் தகுதியை முடிவுக்குக் கொண்டுவரலாம் என்று நாடுகளுக்குப் பரிந்துரைக்கும். அங்கோலா, லைபீரியா நாட்டவருக்கு 30 ஜூன் 2012 முதலும், ஐவரி கோஸ்ட் நாட்டவருக்கு 30 ஜூன் 2022 முதலும் இது நடைமுறைக்கு வந்தது. தேதிக்குப் பிறகும் பலர் அதே ஊரில், அதே வீட்டில் இருப்பார்கள். அட்டவணையில் மட்டும் இருக்க மாட்டார்கள். உள்ளூரில் ஒன்றிக் கலந்தவர்கள் பற்றி ஆய்வு செய்பவருக்கு இந்தக் காணாமல் போனவர்கள்தான் ஆய்வுப்பொருளே.

நாட்டின் எல்லை மாறியதும் ஒரு முறிவு. தென் சூடான் 9 ஜூலை 2011-இல் பிறந்தது. அதற்கு முன் சூடானிலிருந்து வந்தோர் என்ற எண்ணில் இன்றைய தென் சூடானியர்களும் அடக்கம். பிரிந்த பின்னும் சில நாடுகளின் பதிவேடுகளில் பழைய பெயரே சில காலம் தொடர்ந்தது. எத்தியோப்பியாவிலிருந்து பிரிந்த எரித்திரியாவுக்கு 1993 அப்படியான ஆண்டு. முப்பதாண்டு வரைபடம் வரைகிறவர் இந்த இரண்டு நாடுகளுக்கும் கோட்டை உடைத்தே வரைய வேண்டும்.

அடிக்குறிப்பின் மதிப்புக்கு அல்ஜீரியாவைவிட நல்ல சான்று இல்லை. திந்தூஃப் முகாம்களில் உள்ள மேற்கு சகாரா அகதிகளுக்கு, முகமையின் அட்டவணை பல ஆண்டுகள் 90,000 என்ற எண்ணையே தாங்கி நின்றது. உதவித் திட்டத்துக்காக வைத்த எண் அது. அல்ஜீரிய அரசின் மதிப்பீடு 1,65,000 என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. எந்த எண்ணை மேலே எடுக்கிறோம் என்பதே அங்கே அரசியல் நிலைப்பாடு. இரண்டையும் கொடுத்து, எது யாருடையது என்று சொல்வதே நியாயம்.

புகலிட முடிவுகள்: ஆப்பிரிக்காவுக்குப் பொருந்தாத அளவுகோல்

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் கற்றுத்தரும் 'ஏற்பு விகிதம்' என்ற கருவியை எடுத்துக்கொண்டு ஆப்பிரிக்க நாடுகளை வரிசைப்படுத்தும் ஆர்வம் பலருக்கு உண்டு. பொறுக்க வேண்டும். அடிஸ் அபாபாவில் 1969-இல் ஏற்கப்பட்டு 1974-இல் நடைமுறைக்கு வந்த ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் அகதிகள் உடன்படிக்கை, தனிப்பட்ட துன்புறுத்தல் அச்சத்தோடு நிற்காமல், வெளி ஆக்கிரமிப்பு, அந்நிய ஆதிக்கம், பொது ஒழுங்கைக் கடுமையாகக் குலைக்கும் நிகழ்வுகள் ஆகியவற்றால் ஓடி வந்தவரையும் அகதியாக ஏற்கிறது. அதன் துணையோடு, எல்லையில் வந்து நிற்கும் கூட்டத்தைத் தனித்தனி விசாரணையின்றி முதல்நோக்கில் அகதிகளாக ஏற்பது இங்கே பழக்கம். உகாண்டாவில் தென் சூடானியர்களும் காங்கோவினரும் பெரும்பாலும் அப்படித்தான் ஏற்கப்படுகிறார்கள். இந்தக் குழு ஏற்புகள் தனிநபர் முடிவுகள் அட்டவணைக்குள் வருவதில்லை. வருவது குழு ஏற்பில் அடங்காத சிக்கலான மனுக்கள் மட்டுமே. தாராளமான நாடும் அந்த அட்டவணையில் கறாரான நாடாகத் தோன்றலாம்.

விகிதம் போட்டே ஆகவேண்டும் என்றால் நான்கு நெடுவரிசைகளைக் கவனியுங்கள். முடிவை எடுத்தது அரசா, முகமையா, இரண்டும் சேர்ந்தா என்று ஒன்று சொல்லும். எகிப்தில் பல பத்தாண்டுகள் முகமைதான் மனுக்களை ஆராய்ந்தது. அரசு தன் சொந்தப் புகலிடச் சட்டத்தை 2024 டிசம்பரில்தான் கொண்டுவந்தது. முகமை எடுத்த முடிவுகளை எகிப்திய அரசின் கொள்கை என்று எழுதக் கூடாது. இரண்டாவது விண்ணப்பங்கள் அட்டவணையில் இருப்பது: விண்ணப்பம் புதியதா, மறுபடி போட்டதா. மூன்றாவது, முதல் நிலை முடிவா மேல்முறையீடா. கூட்டிவிட்டால் ஒரே மனிதர் இருமுறை நிராகரிக்கப்படுவார். நான்காவது மிக முக்கியம்: எண்ணியது ஆட்களையா, கோப்புகளையா. ஒரு கோப்பில் தாயும் நான்கு குழந்தைகளும் இருக்கலாம். இரண்டு வகையையும் கலந்து சதவீதம் போடுவது அர்த்தமற்றது. விசாரணை இன்றி மூடப்பட்ட மனுக்களை வகுக்கும் தொகையிலிருந்து நீக்கிவிட வேண்டும், இல்லையென்றால் விகிதம் செயற்கையாகத் தாழும்.

வயதுப் பகுப்பில் 0-4, 5-11, 12-17, 18-59, 60க்கு மேல் என ஐந்து பிரிவுகள். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் இளைஞர் சாசனம் 15 முதல் 35 வரையுள்ளவரை இளைஞர் என்கிறது. அந்த வயது வரம்பை இந்தப் பிரிவுகளிலிருந்து எப்படியும் வெட்டி எடுக்க முடியாது. 'அகதி இளைஞர்' பற்றித் திட்டமிடுகிறவர் முன்மொழிவு எழுதும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது. வயது தெரியாதவர்கள் தனி நெடுவரிசையில் இருப்பார்கள், குழந்தைகளின் பங்கைக் கணக்கிடும்போது அவர்களை வகுக்கும் தொகையில் சேர்க்காதீர்கள்.

பழைய எண், புதிய போர்

ஆண்டு இறுதிக் கணக்கு அடுத்த ஜூனில் வெளியாகிறது, அரையாண்டுக் கணக்கு அதன் பின்னர் சில மாதங்களில். சூடானில் 15 ஏப்ரல் 2023-இல் தொடங்கிய போர், 2023 இறுதிக் கணக்கில் ஏறியது 2024 ஜூனில்தான். நடந்துகொண்டிருக்கும் நெருக்கடிக்கு முகமையின் ஆபரேஷனல் டேட்டா போர்ட்டல் வேறு இருக்கிறது. அங்கே சாட், தென் சூடான், எகிப்து என்று நாடுவாரியாக அடிக்கடி புதுப்பித்த எண்கள் வரும். அவை களத்தின் தற்காலிக எண்கள். ஒரே வரைபடத்தில் 2023 வரை ஒரு தளம், அதன் பிறகு மற்றொரு தளம் என்று ஒட்டுப்போடுவது கூடாது. ஒட்டிய இடத்தில் ஒரு போலித் தாவல் உருவாகும்.

உள்நாட்டு இடப்பெயர்வுக்கு ஐ.டி.எம்.சி. எண்களில் இரண்டு வகை: ஆண்டு முழுதும் நடந்த இடப்பெயர்வுகள், ஆண்டின் கடைசி நாளில் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்கள். முதலாவது நிகழ்வுகளின் எண்ணிக்கை. ஒரே குடும்பம் கார்ட்டூமிலிருந்து வாத் மதனிக்கும், அங்கிருந்து கெடாரிஃபுக்கும் ஓடினால் இருமுறை ஏறும். சூடானுக்கு 2024 இறுதியில் 1.16 கோடி என்பது இரண்டாவது வகை. செய்தித்தாள்கள் இவற்றைக் கலப்பது வழக்கம். ஆய்வாளர் கலந்தால் மன்னிப்பு கிடையாது.

பக்கத்தில் திறந்து வைக்க வேண்டியவை

தொழிலாளர் புலம்பெயர்வுக்கு ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவின் இன்டர்நேஷனல் மைக்ரன்ட் ஸ்டாக் கோப்பு வேண்டும். அதில் எண்ணைவிட முக்கியமானது, ஒவ்வொரு நாட்டுக்கும் எதிரே நிற்கும் தரவு வகை எழுத்து: வேற்று நாட்டில் பிறந்தவர் கணக்கா, வேற்று நாட்டுக் குடியுரிமை கொண்டவர் கணக்கா, தரவே இல்லாமல் மதிப்பிட்டதா. காங்கோ ஜனநாயகக் குடியரசில் கடைசிக் குடிக்கணக்கு 1984-இல் நடந்தது, நைஜீரியாவில் 2006-இல். அவ்வளவு பழைய அடித்தளத்தின் மேல் எழுப்பிய எண்ணை மூன்று தசமத்துக்கு எழுதுவது நகைப்புக்கிடம்.

பாதைகள் பற்றி எழுதுகிறவருக்கு ஐ.நா.வின் புலம்பெயர்வு அமைப்பான ஐ.ஓ.எம்., டி.டி.எம். என்ற திட்டத்தில் பாதைகளில் நடத்தும் கண்காணிப்புப் புள்ளிகள் கைகொடுக்கும், ஆனால் அவை எண்ணுவது நடமாட்டத்தை. நைஜர் 2015-இல் ஆட்கடத்தலுக்கு எதிராகச் சட்டம் இயற்றி, 2016 முதல் அகடெஸ் வட்டாரத்தில் கடுமையாக அமல்படுத்தியபோது, வண்டிகள் சோதனைச் சாவடிகளைத் தவிர்த்து மேலும் ஆபத்தான பாலைவனத் தடங்களுக்குப் போயின. புள்ளிகளில் பதிவு குறைந்தது. அதை முழுவதும் சட்டத்தின் வெற்றியாக வாசித்த கொள்கைக் குறிப்புகள் ஏராளம். 2023 நவம்பரில் ராணுவ அரசு அந்தச் சட்டத்தை ரத்து செய்தபின் எண்கள் உயர்ந்தால், அதில் எவ்வளவு புதிய பயணம், எவ்வளவு பழைய பாதைக்குத் திரும்பியது என்பதையும் கேட்க வேண்டும். அதே அமைப்பின் மிஸ்ஸிங் மைக்ரன்ட்ஸ் கோப்பில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூலத்தின் தரம் 1 முதல் 5 வரை மதிப்பிடப்பட்டிருக்கும். சகாராவின் மரணங்களை மத்தியதரைக் கடலோடு ஒப்பிடுமுன் அந்த நெடுவரிசையைப் பாருங்கள்.

ஆப்பிரிக்க நாடுகளில் கருத்துக் கணிப்பு நடத்தும் ஆஃப்ரோபாரோமீட்டர், ஒவ்வொருவரின் பதிலும் அடங்கிய தன் அலகுத் தரவையே இலவசமாகத் தருகிறது. மாதிரி பொதுவாக நாட்டுக்கு 1,200 அல்லது 2,400 பேர். வெளிநாடு போக நினைத்ததுண்டா என்ற கேள்வி சில சுற்றுகளில் உண்டு. எடைகளைப் பயன்படுத்தாமலும், 'தெரியாது' என்பதற்கான குறியீட்டு எண்ணை விலக்காமலும் சராசரி எடுத்தால் விடை வீணாகும். நினைப்பதும் கிளம்புவதும் வேறு என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் தலைப்புச் செய்திகள் அதை மறந்துகொண்டே இருக்கின்றன.

ஆய்வேடு எழுதுகிறவருக்கு யு.என்.எச்.சி.ஆர். மைக்ரோடேட்டா லைப்ரரிதான் உண்மையான பொக்கிஷம். கென்யாவில் அகதிகள் வாழும் காகுமா, கலோபேயி போன்ற இடங்களின் குடும்ப அளவிலான கணக்கெடுப்புகள் பெயர் நீக்கி அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. கணக்குத் தொடங்கி, எந்தக் கோப்பு, எந்தக் கேள்விக்காக, என்ன வெளியீட்டுக்காக என்று எழுதி அனுமதி பெற வேண்டும். 'அகதிகளின் வாழ்வாதாரத்தை ஆராய' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், எந்த மாறிகளை வைத்து எதைச் சோதிக்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். நிறுவன மின்னஞ்சல் இருந்தால் அதையே கொடுங்கள். கேட்டவுடன் கிடைக்காது, ஆகவே அத்தியாயத் திட்டம் போடும் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும்.

மொத்தத்தில் கொள்கைக் குறிப்புக்கு ரெஃப்யூஜி டேட்டா ஃபைண்டர் தாராளமாகப் போதும். ஆய்வேட்டுக்குத் தொடக்கப் புள்ளி. அன்றாடச் செய்திக்கு உதவாது. நெடுங்காலத் தொடரில் முறிவு உள்ள ஆண்டை வரைபடத்தின் கோட்டிலேயே குறித்துக் காட்டுவது தளத்தை நடத்துகிறவர்களுக்குப் பெரிய வேலை அல்ல, அடிக்குறிப்பாக அவர்களிடமே இருக்கும் தகவல்தான் அது. பழைய ஆண்டு எண்களும் பின்னர் திருத்தப்படுவதால், எடுத்த கோப்பைத் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். உகாண்டா வரைபடம் ஒன்று போட்டால் அதன் கீழே இவ்வளவாவது இருக்கட்டும்: 'ஆண்டு இறுதி எண்கள். 2018-இல் பயோமெட்ரிக் சரிபார்ப்பு நடந்தது; அந்த ஆண்டின் சரிவு நாடு திரும்பலைக் குறிக்காது. மூலம்: யு.என்.எச்.சி.ஆர். ரெஃப்யூஜி டேட்டா ஃபைண்டர், பதிவிறக்கிய நாள்.'